பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவைப் படங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. காலையில் காபியோடு ஒரு தடவை, மதியம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனாலும் இரண்டு விஷயம் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. எழுதாமல் இருக்க முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998-இல் வந்த 'யூ ஹேவ் காட் மெயில்' படத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய கட்டுரையாளர், அது எந்தப் படத்தின் வயிற்றில் பிறந்ததோ அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அந்தத் தாய்ப்படம் 1940-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. மார்கரெட் சல்லவனும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஜோடி. இது ஒன்று. இன்னொன்று, கெமிஸ்ட்ரி, அதாவது திரையில் ஒரு ஜோடிக்கு நடுவில் தெரிகிற ஈர்ப்பு, பார்த்த நொடியில் பற்றிக்கொள்கிற சமாச்சாரம், இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் எத்தனை நாள் ஆனாலும் வராது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நான் திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் 29 வருஷம் சேலைப் பிரிவில் நின்றவள். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் கால் கீழே மடங்கும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல்தான் நம் மாநிலத்தில் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்குள் நான் வேலையை விட்டு வந்தாகிவிட்டது. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் படம் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. மூன்று வருஷம் முன்பு பெங்களூரில் மகள் வீட்டில் முழங்கால் வைத்தியத்துக்காக இரண்டு மாதம் இருந்தேன். அப்போது பேத்தி, "பாட்டி, இது கடையில வேலை பாக்கறவங்க கதை, நீ பாரு" என்று லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தாள். கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் முதல் தடவை மூன்று நாள் ஆயிற்று. இப்போது எட்டு தடவை பார்த்துவிட்டேன். வரிகள் மனப்பாடம் ஆகிவிட்டதால் எழுத்தைப் பார்க்காமல் முகங்களைப் பார்க்க முடிகிறது.

கதை நடக்கிற இடம் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரம். மட்டுஷெக் என்கிற முதலாளியின் தோல் சாமான் கடை. கைப்பை, பெட்டி, பர்ஸ், சிகரெட் லைட்டர் விற்கிற கடை. மொத்தம் அரை டஜன் ஆள் வேலை பார்க்கிறார்கள். படம் தொடங்குவதே கடை திறக்கும் முன்னால் எல்லோரும் வாசலில் கூடி நிற்பதில்தான். கணக்காகப் பேசுகிற வயதானவர் பிரோவிச், பந்தாவாக உடுத்துகிற வடாஸ், வாய்த்துடுக்கான எடுபிடிப் பையன் பெப்பி, மூத்த சேல்ஸ்மேன் க்ராலிக். இந்தக் க்ராலிக்தான் ஸ்டூவர்ட். முந்தின ராத்திரி முதலாளி வீட்டு விருந்தில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் க்ராலிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். டாக்ஸியில் முதலாளி வந்து இறங்கிக் கதவைத் திறந்ததும் எல்லோர் முதுகும் நிமிர்கிறது. பார்த்த உடனே எனக்குத் தொண்டையை அடைத்தது. எங்கள் கடை வாசலில், ஷட்டருக்கு முன்னால், 29 வருஷம் நான் நின்ற நிற்பு அது.

இந்த லூபிட்ஷ் பெர்லினில் ஒரு தையற்காரரின் மகன். சின்ன வயதில் பகலில் அப்பாவின் துணிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரியில் நாடகத்துக்குப் போனவர். படம் வந்த சமயம் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: முதலாளிக்கும் வேலைக்காரர்களுக்கும் நடுவில் உள்ள உணர்வு உலகம் பூராவும் ஒன்றுதான், வேலை போய்விடுமோ என்று எல்லோருக்கும் பயம், முதலாளிக்கு அஜீரணம் என்றால் அன்றைக்கு அவர் காலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் குஷியாக இருந்தால் கடையே குஷியாக இருக்கும் என்று. இதைப் பேத்தி படித்துச் சொன்னபோது, இந்த மனுஷர் எங்கள் கடைக்கு வந்து பார்த்தாரா என்றுதான் நினைத்தேன். எங்கள் முதலாளி செருப்பை எப்படிக் கழற்றுகிறார் என்பதை வைத்தே அன்றைய நாளைச் சொல்லிவிடுவோம்.

இந்தக் கடைக்கு வேலை கேட்டு வருகிறாள் க்ளாரா நோவாக். அதுதான் சல்லவன். க்ராலிக் முதலில் அவளை வாடிக்கையாளர் என்று நினைத்து இழைந்து பேசுகிறான். வேலை கேட்டு வந்தவள் என்று தெரிந்ததும் குரல் மாறிவிடுகிறது. இடம் காலி இல்லை என்கிறான். அந்த நேரம் பார்த்து முதலாளிக்கும் க்ராலிக்குக்கும் ஒரு வாக்குவாதம். திறந்தால் பாட்டுப் பாடும் சிகரெட் பெட்டி ஒன்றை வாங்கிப் போடலாம் என்று முதலாளிக்கு ஆசை. ஒருத்தன் ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தால் அதே ரஷ்யப் பாட்டை இருபது தடவை கேட்க வேண்டுமே என்கிறான் க்ராலிக். அப்போது கடைக்குள் வந்த ஒரு அம்மாள் அந்தப் பெட்டியைக் கையில் எடுக்கிறார். வேலையே கிடைக்காத க்ளாரா, கடைக்காரியாகவே மாறி, இது மிட்டாய் வைக்கிற பெட்டி என்கிறாள். பாட்டு எதற்கு என்று அந்த அம்மாள் கேட்கிறார். நாம் பாட்டுக்கு யோசிக்காமல் மிட்டாயை எடுத்து எடுத்துத் தின்று பருத்துப் போகிறோம் அல்லவா, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் இது போதும் போதும் என்று நமக்குச் சொல்லும் என்கிறாள். பெட்டி விற்றுவிடுகிறது. வேலையும் கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன். முதல் நாள் போணி பண்ணுகிறவளின் கையைக் கவனியுங்கள். பெட்டியை அந்த அம்மாள் கையிலிருந்து பிடுங்கவில்லை, மெல்ல வாங்குகிறாள். விலையைப் பற்றி முதலில் பேசவில்லை. வந்தவரின் உடம்பை, வயதை, ஆசையை ஒரே பார்வையில் எடை போட்டுவிடுகிறாள். எங்கள் தொழிலில் பாதி இதுதான். எதிரில் மெத்தையில் உட்கார்ந்திருப்பவர் கல்யாணத்துக்கு வாங்குகிறாரா, வீட்டில் திட்டு வாங்காத விலையில் வாங்குகிறாரா என்று சேலையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே தெரிய வேண்டும். சல்லவனுக்கு அது தெரிந்திருக்கிறது. அதே நேரம் பக்கத்தில் நிற்கிற ஸ்டூவர்ட்டின் முகத்தையும் பாருங்கள். தான் வேண்டாம் என்று சொன்ன சரக்கை ஒரு பெண் வந்து கண் முன்னாலேயே விற்றுவிட்டாள். இவர்களுடைய சண்டை இங்கே தொடங்குகிறது. அது காதல் சண்டை கிடையாது. தொழிலில் வருகிற நிஜமான முறைப்பு.

அப்புறம் சில மாதம் கழித்துக் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அந்தப் பாட்டுப் பெட்டியெல்லாம் தேங்கிப்போய், விலை குறைத்து ஷோகேஸில் அடுக்கப்பட்டிருக்கிறது. க்ராலிக் சொன்னது பலித்துவிட்டது. ஆடித் தள்ளுபடிக்கு எடுத்து வைக்கிற சரக்கைப் பார்க்கும்போதெல்லாம், இதை எடுக்கச் சொன்னது யார், வேண்டாம் என்றது யார் என்று எங்களுக்குள் கண்ணாலேயே ஒரு பேச்சு ஓடும். அது அப்படியே இந்தப் படத்தில் இருக்கிறது.

இந்த இரண்டு பேருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பத்திரிகை விளம்பரம் பார்த்து க்ராலிக் ஒரு முகம் தெரியாத பெண்ணுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். தபால் நிலையத்தில் 237-ஆம் எண் பெட்டி. பெயர் கிடையாது, அன்புள்ள நண்பரே என்றுதான் இருவரும் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பெண் க்ளாராதான். கடையில் கடித்துக்கொள்கிற இரண்டு பேர், காகிதத்தில் உருகி உருகி எழுதிக்கொள்கிறார்கள்.

கடிதத்தில் காதல் என்றதும் நம்மவர்களுக்கு 1996-இல் வந்த 'காதல் கோட்டை' நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. மூன்று தடவை தியேட்டரில் பார்த்த படம். ஆனால் அங்கே கடைசி வரைக்கும் இரண்டு பேருக்குமே தெரியாது. இங்கே பாதிப் படத்தில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரியவில்லை. இந்த ஜோடியின் மொத்த அழகும் அங்கேதான் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அந்த இடத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். இருவரும் முதல் தடவையாக ஒரு கஃபேயில் சந்திப்பதாக ஏற்பாடு. அடையாளத்துக்கு 'அன்னா கரேனினா' புத்தகமும் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவும். அன்றைக்குப் பார்த்துத்தான் க்ராலிக்குக்கு வேலை போகிறது. தன் மனைவிக்கும் அவனுக்கும் தொடர்பு என்று முதலாளிக்குத் தப்பான சந்தேகம். காரணமே சொல்லாமல் அனுப்பிவிடுகிறார். இத்தனை வருஷம் உழைத்த கடையிலிருந்து ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு வெளியே வருகிறான். எங்கள் கடையிலும் ஒரு தீபாவளி சமயம் இரண்டு பட்டுச் சேலை குறைகிறது என்று ஒரு பெண்ணை எல்லோர் எதிரிலும் கூப்பிட்டு விசாரித்தார்கள். சேலை பிறகு வேறொரு அடுக்கில் மடிப்புக்குள் கிடைத்தது. அவள் திரும்பி வரவில்லை. அதனால் ஸ்டூவர்ட் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் விடைபெறும் அந்தக் காட்சியை நான் நேராக உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவேன்.

வேலை போன மனுஷன், எந்த முகத்தோடு போய் அவளைப் பார்ப்பது என்று பிரோவிச்சை அழைத்துக்கொண்டு போகிறான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சொல்லும்படி அவரைக் கேட்கிறான். பிரோவிச்சாக நடித்தவர் ஃபெலிக்ஸ் பிரெஸ்ஸார்ட். ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அவர் உள்ளே பார்க்கிறார். அழகாகத்தான் இருக்கிறாள் என்கிறார். கொஞ்சம் நம் மிஸ் நோவாக் சாயலாக இருக்கிறாள் என்கிறார். மிஸ் நோவாக்கைப் பிடிக்காதென்றால் இந்தப் பெண்ணையும் உனக்குப் பிடிக்காது, ஏனென்றால் உள்ளே இருப்பதே மிஸ் நோவாக்தான் என்கிறார்.

ஸ்டூவர்ட் கத்தவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஜன்னலில் தானும் பார்க்கிறான். போய்விடுகிறான். பிறகு திரும்பி வந்து, கடிதக்காரனாகக் காட்டிக்கொள்ளாமல், ஏதோ தற்செயலாக வந்த க்ராலிக்காக உள்ளே நுழைகிறான். அவளோ தன் நண்பர் வரும் நேரம் இவன் வந்து நிற்கிறானே என்று தவிக்கிறாள், விரட்டுகிறாள். அவன் பக்கத்து மேஜையில் உட்காருகிறான். முதுகுக்கு முதுகு. அவன் பேசப் பேச அவள் எரிகிறாள். கடைசியில் சொல்கிறாள், உன்னைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், இதயத்துக்குப் பதில் ஒரு கைப்பை, ஆத்மாவுக்குப் பதில் ஒரு சூட்கேஸ், புத்திக்குப் பதில் ஒரு சிகரெட் லைட்டர், அதுவும் பற்றாத லைட்டர்.

கவனித்தீர்களா? எல்லாம் கடைச் சரக்கு. திட்டுவதற்குக்கூட அலமாரியில் இருக்கிற சாமானைத்தான் எடுத்து வீசுகிறாள். நாள் முழுக்கக் கடையில் நிற்பவளுக்கு வேறு எந்த வார்த்தை வாயில் வரும்? எங்களிடையே ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்றால் "முதல் தண்ணியிலேயே சாயம் போற சரக்கு" என்போம். இதைக் கேட்டதும் ஸ்டூவர்ட்டின் முகத்தில் முதலில் வருவது கோபம் இல்லை. அடடா, எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டாள் என்கிற வியப்பு வருகிறது. ஏனென்றால் அந்தக் குரல் அவனுக்குத் தெரியும். அத்தனை மாதம் கடிதத்தில் படித்த குரல் அது. தான் காதலிக்கிற புத்திசாலி இவள்தான் என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது, அதுவும் அவள் திட்டுகிற வார்த்தையிலேயே. கொஞ்ச நேரத்தில் அவள் இன்னும் ஒரு படி மேலே போய், நீ ஒரு சாதாரணக் குமாஸ்தா என்கிற மாதிரி சொல்லிவிடுகிறாள். அன்று காலையில் வேலை பார்த்தவன், மாலையில் அந்தக் குமாஸ்தா வேலையும் இல்லாதவன். எழுந்து போகிறான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், கெமிஸ்ட்ரி என்றால் என்ன என்று.

என் அபிப்பிராயம் இதுதான். கடையில் நிற்கிறவர்களின் கண் முழுக்க வந்தவர் மேல் இருக்கும். வாடிக்கையாளர் புருவம் தூக்கினால் தெரியும், உதடு சுளித்தால் தெரியும். ஆனால் பத்து மணி நேரம் தோளோடு தோள் நிற்கிற பக்கத்துக் கவுண்டர்காரர் முகத்தைப் பார்க்கிறோமா? பார்ப்பதே இல்லை. க்ராலிக்கும் க்ளாராவும் அப்படித்தான் இருந்தார்கள். கஃபேக்குப் பிறகு அவன் அவளைப் பார்க்கத் தொடங்குகிறான். அதன் பிறகு வருகிற ஒவ்வொரு காட்சியிலும் ஸ்டூவர்ட் செய்வது அந்த ஒரே வேலையைத்தான். அவள் தன்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தே அவளைப் பார்க்கிறான்.

அதற்கு முன்னாலேயே ஒரு சின்னத் துப்பு உண்டு. அவள் உடுத்தி வந்த ரவிக்கை மாதிரியான ஒரு பிளவுஸைப் பற்றி இருவருக்கும் சண்டை. மஞ்சளில் பச்சைப் புள்ளி என்கிறான் அவன், இல்லை பச்சையில் மஞ்சள் புள்ளி என்கிறாள் அவள். கறுப்பு வெள்ளைப் படம், நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் துணி விற்றவளாகச் சொல்கிறேன், பிடிக்காதவள் உடுத்திய துணியின் புள்ளி என்ன நிறம் என்று எந்த ஆணும் நினைவு வைத்துக்கொள்ள மாட்டான்.

உடுப்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். க்ளாரா ஏழைக் கடைப்பெண். படத்துக்காக சல்லவன் ஒரு டாலர் 98 சென்ட் கொடுத்து ஒரு ரெடிமேட் உடுப்பு வாங்கினாராம். அதுவும் லூபிட்ஷுக்குத் தளுக்காகத் தெரிந்ததால், வெயிலில் காயப்போட்டு நிறம் மங்கச் செய்து, சரியாகப் பொருந்தாத மாதிரி பிரித்துத் தைக்கச் சொன்னார் என்று படித்தேன். ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரம் அதை உடுத்திக்கொண்டு நடித்திருக்கிறார். தையற்காரர் மகனுக்கு வெயிலில் போட்ட துணியின் நிறம் எப்படி இருக்கும் என்று தெரியும். எங்கள் கடையில் வாசல் பக்கம் தொங்கவிட்ட சேலை ஆறு மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போயிருக்கும். அதைக் குறைந்த விலைக்கு எடுத்துத்தான் எங்களில் பலர் உடுத்தினோம்.

பார்த்த நொடியில் பற்றிக்கொள்ளும் என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த நடிகர்கள் இரண்டு பேருமே அதற்கு எதிர்ச்சாட்சி. இருவரும் இளம் வயதில் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஃபால்மவுத் ஊரில் நடந்த ஒரு நாடகக் குழுவில் இருந்தவர்கள். ஸ்டூவர்ட்டின் அறைத்தோழர் ஹென்றி ஃபோண்டாதான் சல்லவனின் முதல் கணவர். ஹாலிவுட்டில் சல்லவன் முதலில் நட்சத்திரமானார். ஸ்டூவர்ட் அப்போது சின்னச் சின்ன வேஷத்தில் தடவிக்கொண்டிருந்த, காலும் கையும் நீண்ட ஒரு பையன். 1936-இல் 'நெக்ஸ்ட் டைம் வீ லவ்' படத்துக்குக் கதாநாயகனாக அவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது சல்லவன். வேலை நேரம் முடிந்த பிறகும் உட்கார்ந்து அவருக்கு ஒத்திகை பார்த்துக் கொடுத்திருக்கிறார். 1938-இல் 'தி ஷாப்வொர்ன் ஏஞ்சல்', 1940-இல் இந்தக் கடைப்படம், அதே வருஷம் 'தி மார்ட்டல் ஸ்டார்ம்' என்று மொத்தம் நான்கு படம். இந்த இருவருக்காகவே லூபிட்ஷ் காத்திருந்தார். அவர்கள் தேதி கிடைக்கும் வரை சும்மா இருக்காமல் கிரேட்டா கார்போவை வைத்து 'நினோட்ச்கா' எடுத்து முடித்துவிட்டு வந்தார். அப்புறம் கடைப்படத்தை 28 நாளில் எடுத்துவிட்டார். அந்த 28 நாளுக்குப் பின்னால் எத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது பாருங்கள். ஒருத்தர் மூச்சு இன்னொருத்தருக்குத் தெரிந்திருக்கிறது. சல்லவனின் கொஞ்சம் கரகரத்த குரல் எங்கே நிற்கும், ஸ்டூவர்ட் எங்கே தயங்கித் தயங்கி நுழையலாம் என்பது இருவருக்கும் கைப்பழக்கம்.

'தி மார்ட்டல் ஸ்டார்ம்' படத்தையும் பார்த்தேன். அதில் நாஜிகள் ஆட்சியில் சிக்கித் தப்பி ஓடுகிற ஜோடி இவர்கள். கடைப்படத்தில் முதலாளியாக வந்த ஃப்ராங்க் மார்கன் அதில் சல்லவனுக்கு அப்பா. அதைப் பார்த்த பிறகு புடாபெஸ்ட் கடைக்குத் திரும்பி வந்தால் நெஞ்சு கனக்கிறது. படம் வெளியான 1940 ஜனவரியில் ஐரோப்பாவில் போர் தொடங்கி நான்கு மாதம் ஆகிவிட்டது. லூபிட்ஷின் ஜெர்மன் குடியுரிமையை 1935-இலேயே பறித்துவிட்டார்கள். கடைப்படத்துக்கு மூலமான நாடகத்தை எழுதிய மிக்லோஷ் லாஸ்லோவும் 1938-இல் ஹங்கேரியை விட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். படத்தில் போரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. வேலை போய்விடுமோ, சம்பளம் ஏறுமோ, குழந்தைக்கு டாக்டர் செலவு எவ்வளவு ஆகுமோ என்ற கவலைகள்தான் இருக்கின்றன.

இப்போது 1998 படத்தைப் பற்றி. அதை நான் குறை சொல்லவில்லை. டாம் ஹாங்க்ஸும் மெக் ரையனும் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். பழைய படத்துக்கு மரியாதையாக அந்தப் பெண்ணின் புத்தகக் கடைக்கு 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் அவன் பெரிய புத்தகக் கடை முதலாளி, அவனால் அவள் கடை மூடப்படுகிறது. கடிதத்துக்குப் பதில் இமெயில் வந்தது பெரிய மாற்றமாக எனக்குப் படவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே முதலாளிக்குப் பயந்து, ஒரே சம்பளத் தேதிக்குக் காத்திருக்கிற இரண்டு பேர் என்பது போய்விட்டதே, அதுதான் பெரிய மாற்றம். மூலப் படத்தில் ஒருத்தர் மற்றவரிடம் அன்பாக இல்லாததற்குக் காரணமே அந்தப் பயம்தான்.

எங்கள் கடையில் மாடியில் சட்டைத்துணி பார்த்த ஒருவரும் ரவிக்கைப் பிட் பார்த்த ஒரு பெண்ணும் இருந்தார்கள். பெயர் வேண்டாம், இருவரும் நன்றாக இருக்கிறார்கள். கத்தரிக்கோலுக்குச் சண்டை, இன்ச் டேப்புக்குச் சண்டை, யார் பில்லில் யார் கமிஷன் என்று சண்டை. நாங்கள் நடுவில் போய் விலக்கியிருக்கிறோம். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் அந்த மனுஷர் எங்கிருந்தோ காலி சோடாப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து, கவுண்டருக்குப் பின்னால், மேலே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், அவள் காலடியில் கவிழ்த்து வைத்தார். "ஒரு வாரமா வலது காலையே மாத்தி மாத்தி வைக்கிறீங்க, உக்காருங்க, கூட்டத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்தாள். அடுத்த தை மாதம் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷர்?

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு இடங்களைச் சொல்லி முடிக்கிறேன். கஃபேயில் நண்பர் வராமல் ஏமாந்த க்ளாரா மறுநாள் தபால் நிலையம் போகிறாள். கேமரா பெட்டிகளின் உள்பக்கம், தபால்காரர் நிற்கிற பக்கத்தில் இருக்கிறது. 237-ஆம் பெட்டியின் சின்னக் கதவு திறக்கிறது. கையுறை போட்ட ஒரு கை உள்ளே வந்து துழாவுகிறது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மூலை. ஒன்றுமில்லை. கை போய்விட்டு அந்தச் சதுரத்துக்குள் அவள் முகம் வருகிறது, ஒருவேளை கண்ணுக்குத் தெரியுமோ என்று. சில விநாடிதான். அந்த ஒரு கையில் சல்லவன் அவ்வளவு நடித்திருக்கிறார். அந்தக் காட்சியில் ஸ்டூவர்ட் இல்லவே இல்லை. ஆனாலும் அது ஜோடிக் காட்சிதான், ஏனென்றால் அந்தப் பெட்டி ஏன் காலி என்று நமக்குத் தெரியும்.

அப்புறம் அவள் உடம்புக்கு முடியாமல் படுத்துவிடுகிறாள். இதற்குள் முதலாளிக்கு உண்மை தெரிந்து, க்ராலிக் திரும்ப வந்து மேனேஜராகிவிட்டான். அவளைப் பார்க்க வீட்டுக்குப் போகிறான். அவன் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும்போதே கடிதம் வருகிறது. அவன் எழுதிய கடிதம். அவன் எதிரிலேயே பிரித்துப் படிக்கிறாள். படிக்கப் படிக்க முகத்தில் நிறம் ஏறுகிறது. எழுதினவனுக்கு, தன் எழுத்து ஒரு முகத்தில் இறங்குவதை நேரில் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஸ்டூவர்ட்டுக்கு அந்த இடத்தில் வசனம் அதிகம் கிடையாது. பார்க்கிறார், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் ராத்திரி கடை அடைத்து விளக்கணைத்த பிறகு எல்லாம் வெளிப்படுவதை நான் சொல்லப்போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் படத்தைப் பற்றித் தங்கள் இணைப்பில் தனியாக ஒரு பக்கம் எழுதச் செய்யுங்கள். படம் போடுவதானால் கடைசி முத்தத்தைப் போட வேண்டாம், அந்தத் தபால் பெட்டிக் காட்சியைப் போடுங்கள். பெயர் போடும்போது, ஸ்டூவர்ட் பிற்காலத்தில் பெரிய பெயர் என்பதால் அவரை முன்னால் போட்டுவிட்டு சல்லவனைப் பின்னால் தள்ளிவிடாதீர்கள். அவர் 1960-இல் ஐம்பது வயதிலேயே போய்விட்டார், இன்றைக்கு நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. படத்தின் டைட்டிலில் முதலில் வருவது மார்கரெட் சல்லவன் பெயர்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
உறையூர், திருச்சி